எட்டாவது கோணம்

முக்காலியின் ஒரு கால் மட்டும்
வேதாளை மணலில் இறங்கிக்கொண்டே இருக்கிறது.
நண்டு வளைமேல் வைத்துவிட்டேன் போல.
ஓட்டுச் சில்லொன்றை அடியில் கொடுத்து
நீர்மட்டக் குமிழியை நடுவுக்கு அழைத்தேன்.
தரையிலிருந்து ஒன்று புள்ளி ஆறு மீட்டர்:
நிற்கும் மனிதனின் கண் என்று
படிவம் ஒப்புக்கொண்ட உயரம்.
ஆவணி ஏழு, மாலை நாலு பத்து,
மேகம் பாதி.
காற்றுக்குக் கட்டம் இல்லை.
கச்சான் என்று ஓரத்தில் எழுதினேன்.

இல்லாத ஆறு மாடியை
இருக்கிற வெயிலில் நிறுத்துவது என் தொழில்.
மின்கம்பம், பள்ளிக்கூடச் சுவரின் முனை,
ஒற்றைப் பனை, பள்ளிவாசல் மினாரா.
நாலையும் அளந்து வந்தேன்.
திரையில் அவை ஒட்டி உட்காரும்வரை
கேணிக்கரை மாடியறையில் இரண்டு இரவு.
மூன்று முறை மின்சாரம் போனது.
மூன்றாம் முறை
கட்டிடம் முக்கால்வாசி வெந்திருந்தது.

விடுதிக்காரர் தண்டாயுதம் அழைத்தார்.
"தம்பி, கடலைக் கொஞ்சம் நீலமாக்கு.
கருவேலைத் தூக்கிட்டுத் தென்னை வை.
அகல லென்ஸ் போட்டா
கட்டிடம் சின்னதாத் தெரியுமாமே?"
தெரியும் சார். ஊரே சின்னதாத் தெரியும்.
சரியான படம்னு கீழே நான் கையெழுத்துப் போடணும்.
"கையெழுத்துக்கு எவ்வளவு?"
சிரித்தாரா, லைனில் கரகரப்பா, தெரியவில்லை.

கருவேலை முள்ளோடு விட்டேன்.
கிழிந்த வலைக் குவியலை,
அதன்மேல் தூங்கிய நாயை விட்டேன்.
நிழல் மட்டும் புதிது:
நாலு பத்துக்கு எவ்வளவு நீளுமோ அவ்வளவு,
பாசி காயப்போடும் மணல்வரை.

ஊராட்சிக் கூடத்தில் ஏழு படம் ஒட்டினோம்.
பேருந்து நிறுத்தம், ரேஷன் கடை, தர்கா திருப்பம்
என்று ஏழு கோணம்.
பாசிக்குப் போகும் நம்புவள்ளி
மூக்கு உரசப் பார்த்தாள்.
"சுத்தமாத்தான் எடுத்திருக்கே.
என் சைக்கிளுகூட இருக்கு.
கடல்லேர்ந்து எங்க?"

கடலிலிருந்தும் ஆட்கள் பார்ப்பார்கள் என்று
படிவத்துக்குத் தெரியாது.

"பனைமேல மினாரா வந்து நின்னா
பாருக்கு நடுவுல வழி. விலகுனா கல்லு.
வத்தை ரெண்டாப் போயிரும்."
சொல்லிவிட்டு அவள் போய்விடவில்லை.
அடுத்தவர்கள் எட்டிப் பார்க்க முடியாதபடி
அங்கேயே நின்றாள்.

முக்காலியைக் கரையில் விட்டுப் போனேன்.
ஜிபிஎஸ் எண்கள் நிற்காமல் ஓடின.
இரண்டு முறை வாந்தி.
அணியத்தில் குந்தி, கரையைப் பார்த்தபடி அவள்
"இன்னும் இல்ல.
இன்னும் இல்ல.
இரு.
இப்ப."
அந்த இப்பவில் அழுத்தினேன்.
நாற்பத்து மூன்று இப்ப.
ஒன்றில் அடிவானம் நேராக இருந்தது.

அன்றிரவு அதில் மாடி மாடியாக ஏற்றினேன்.
இரண்டுவரை மினாரா தப்பியது.
மூன்றில் உச்சிப் பிறை மட்டும்.
நான்கில் பால்கனி,
பால்கனியில் அழகுக்காக நானே வைத்த
வெள்ளை நாற்காலி.
துல்லியக் குறிப்பில் எழுதினேன்:
கேமரா உயரம் நிலையில்லை, பிழை ஒரு அலை.
அடித்துவிட்டு சென்டிமீட்டரில் எழுதினேன்.

தண்டாயுதம் ஏழுக்குத்தான் பணம் தந்தார்.
எட்டாவதை நானே பின் அடித்துச் சேர்த்தேன்.
"இதுக்கு வரிசை எண் இல்லையே" என்று
எழுத்தர் முத்திரையைக் காற்றில் பிடித்திருந்தார்.
மை காய்ந்துகொண்டிருந்தது.

படத்தின் வலது ஓரத்தில்
நம்புவள்ளியின் சுட்டுவிரல் நுழைந்திருக்கிறது,
பாறை கிழிக்காமலிருக்கத் துணி சுற்றிய விரல்.
இப்ப என்றபோது நீட்டியது.
அழிப்பது ஒரு நிமிட வேலை.
அளந்து பார்த்தேன்,
நான்கு மாடி உயரம்.
விட்டுவிட்டேன்.